ஜப்பானியர்கள் ஏன் வெள்ளை கவுன் போட்டு ஹவாயில் கல்யாணம் செய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இதற்குள் கூட வேலை பார்த்தவர்களின் கல்யாணம் ஏழுக்குப் போயிருக்கிறேன். அந்தப் போட்டோக்களை ஊரில் யாருக்குக் காட்டினாலும் வருகிற கேள்விகள் ஒன்றுதான்: இது சர்ச்சா, அவர்கள் கிறிஸ்தவர்களா, கிமோனோ எங்கே, கடற்கரையில் ஏன் பத்துப் பேர் மட்டும் நிற்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி, சரி, ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"அக்கா, இவங்க எல்லாரும் கிறிஸ்டியனா?"

இல்லை. ஜப்பானில் கிறிஸ்தவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்தான். போட்டோவில் சர்ச் மாதிரி தெரிவது பெரும்பாலும் ஹோட்டலோ கல்யாண மண்டபக் கம்பெனியோ கல்யாணத்துக்கென்றே கட்டிய சாப்பல். வண்ணக் கண்ணாடி, ஆர்கன், நடுவில் வெள்ளைக் கம்பளம், மெழுகுவர்த்தி எல்லாம் இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை கிடையாது, சபையும் கிடையாது.

குழந்தை பிறந்தால் ஜப்பானின் சொந்த மதமான ஷின்டோவின் கோயிலுக்குத் தூக்கிப்போவது, கல்யாணம் சாப்பலில், இறந்தால் புத்த பிக்கு வந்து சூத்திரம் ஓதுவது என்று ஒரே ஆளின் வாழ்க்கையில் மூன்றும் வரும். அவர்களுக்கு இதில் முரண்பாடே தெரிவதில்லை. அந்தந்த நேரத்துக்கு அந்தந்தச் சடங்கு, அவ்வளவுதான்.

"அப்போ அந்தப் பாதிரியார் நிஜப் பாதிரியாரா?"

சில இடங்களில் முறையாகப் பட்டம் பெற்ற போதகர். பல இடங்களில் அப்படி இல்லை. வார நாளில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துவிட்டு சனி, ஞாயிறில் அங்கி மாட்டிக்கொண்டு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் நிறைய. இவர்களை அனுப்பவே ஏஜென்சிகள் இருக்கின்றன. கல்யாணத்தைப் பதிவு செய்வது இவர் வேலை இல்லை என்பதால் (அடுத்த பதிலைப் பாருங்கள்) சட்டச் சிக்கல் எதுவும் வராது.

நான் போன முதல் கல்யாணத்தில் எல்லோர் கையிலும் ஒரு தாள் கொடுத்தார்கள், அதில் 312ஆம் எண் பாட்டு. ஆர்கன் ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, நம் ஊர் சர்ச்சுகளில் 'பாவ சஞ்சலத்தை நீக்க' என்று பாடுகிற அதே மெட்டு. பக்கத்தில் இருந்த யாரும் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இல்லை, ஆனாலும் தாளைப் பார்த்து எல்லோரும் சத்தமாகவே பாடினார்கள், அந்த மெட்டு பள்ளிக்கூடப் பாட்டாகவும் அவர்களுக்குப் பழக்கமாம். உண்மையான சர்ச்சில்தான் கட்டுவோம் என்கிற ஜோடிகளும் உண்டு. கிறிஸ்தவர் அல்லாதவர்களையும் சில சபைகள் ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் அதற்கு முன்னால் பல வாரம் வகுப்புக்குப் போக வேண்டும்.

"சரி, சட்டப்படி எப்பத்தான் கல்யாணம் ஆகுது?"

வார்டு அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுக்கும்போது. கோன்இன் தோதோகே என்று பெயர். இரண்டு பேர் விவரம், 18 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, முடிந்தது. சாட்சிகள் நேரில் வரக்கூட வேண்டாம். அலுவலகம் மூடின பிறகும் இரவுக் காவல் ஜன்னலில் கொடுக்கலாம். நவம்பர் 22 அன்று கூட்டம் அலைமோதும், 11, 22 என்ற எண்களை ஜப்பானிய மொழியில் 'நல்ல தம்பதி' என்றும் படிக்கலாம் என்பதால். படிவத்தில் எந்தக் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், இருவருக்கும் ஒரே பெயர்தான் என்பது சட்டம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் மாப்பிள்ளை பெயரையே டிக் செய்கிறார்கள்.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். தாலி கட்டுவதோ மோதிரம் மாற்றுவதோ அங்கே சட்டத்துக்கு ஒன்றுமே இல்லை. படிவம் கொடுத்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து விழா வைக்கிறவர்கள் ஏராளம். விழா எப்படி வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

"சொந்த மரபை விட்டுட்டு ஏன் வெள்ளைக்காரனைக் காப்பி அடிக்கிறாங்க?"

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது. முதலில், 'பழைய மரபு' என்று நாம் நினைக்கிற ஷின்டோ கோயில் கல்யாணம் அவ்வளவு பழையது இல்லை. 1900 மே மாதம் பட்டத்து இளவரசர் யோஷிஹிதோ, பின்னாளில் தைஷோ பேரரசர் ஆனவர், அரண்மனைச் சன்னதியில் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருடமே டோக்கியோவின் ஹிபியா தைஜிங்கூ கோயில் அதே மாதிரிச் சடங்கைப் பொதுமக்களுக்கும் நடத்த ஆரம்பித்தது. அந்தக் கோயில் இன்றைக்கு டோக்கியோ தைஜிங்கூ என்ற பெயரில் இருக்கிறது. அதற்கு முன்னால் கல்யாணம் வீட்டில்தான். பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துவந்து, மூன்று கிண்ணத்தில் மும்மூன்று மிடறு சாகே என்கிற அரிசி மது குடிக்க வைத்து, சொந்தபந்தம் சாப்பிட்டுக் கலையும். ஆக, கோயில் கல்யாணமே அரண்மனையைப் பார்த்து ஊர் எடுத்துக்கொண்டதுதான்.

இரண்டாவது, அந்தப் பழைய ஏற்பாட்டில் கல்யாணம் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நடந்தது. மருமகள் என்பதற்கு அவர்கள் எழுதுகிற எழுத்தில் ஒரு பக்கம் 'பெண்', இன்னொரு பக்கம் 'வீடு'. 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு, கல்யாணம் இருவரின் சம்மதத்தால் மட்டுமே என்று சொன்னது. 1960களின் கடைசியில் காதல் கல்யாணங்கள் பெரியவர்கள் பார்த்து வைக்கிற கல்யாணங்களை எண்ணிக்கையில் தாண்டிவிட்டன. காதலித்துக் கட்டுகிறவர்களுக்கு, இரண்டு பேரும் எதிரெதிரே நின்று தங்கள் வாயால் உறுதிமொழி சொல்கிற சடங்கு பொருந்தி வந்தது. கோயில் சடங்கில் வழக்கப்படி மாப்பிள்ளைதான் உறுதிமொழியைப் படிப்பார், பெண் கடைசியில் தன் பெயரை மட்டும் சொல்வாள்.

அப்புறம் டிவி. 1980இல் உச்சத்தில் இருந்த பாடகி யமாகுச்சி மோமோஎ டோக்கியோவின் ரெய்னான்சாகா சர்ச்சில் வெள்ளை கவுனில் கல்யாணம் செய்துகொண்டு மேடையை விட்டே போனார். அடுத்த வருடம் டயானாவின் கல்யாணம், 1985இல் இன்னொரு பாடகி மட்சுதா செய்கோவின் சர்ச் கல்யாணம். அவற்றைப் பார்த்து வளர்ந்த பெண்கள் கல்யாண வயதுக்கு வந்த 1990களில் சாப்பல் கல்யாணம் ஷின்டோ கல்யாணத்தை முந்தியது. இன்னொரு நடைமுறைக் காரணத்தை யாரும் கவனிப்பதில்லை. கோயில் சன்னதிக்குள் பெரும்பாலும் உறவினர் மட்டும்தான் போகலாம், சாப்பலில் சிநேகிதர்களும் உட்கார்ந்து பார்க்கலாம். என் சக ஊழியை ஒருவர் சாப்பலைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த ஒன்றைத்தான் காரணமாகச் சொன்னார்.

"அப்போ கிமோனோவே போட மாட்டாங்களா?"

போடுவார்கள், ஆசையாகவே போடுவார்கள். வரவேற்பின் நடுவில் பெண் எழுந்துபோய் வேறு உடையில் திரும்புவாள், ஒஇரோநாவோஷி என்று பெயர், அங்கே வண்ணக் கிமோனோ வரும். அல்லது விழாவுக்குச் சில வாரம் முன்பே ஒரு நாள் ஒதுக்கி, ஷிரோமுகு என்கிற முழு வெள்ளைக் கிமோனோவில் தோட்டத்தில் போட்டோ மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு காலையில் துணைக்குப் போயிருந்தேன். உடுத்திவிட மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பட்டின் கனத்தில் அந்தப் பெண்ணால் தானாகக் குனிய முடியவில்லை, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் ஒரு அம்மா பின்னால் நின்று கீழ் விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். கவுனோ கிமோனோவோ பெரும்பாலும் வாடகைதான்.

"ரிசெப்ஷன் நம்ம ஊர் மாதிரியா?"

இல்லவே இல்லை. வரிசையில் நின்று கை கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போகிற கதை கிடையாது. ஹிரோஎன் என்கிற அந்த விருந்துக்கு ஐம்பது, அறுபது பேர், ஒவ்வொருவர் இருக்கையிலும் பெயர் அட்டை, இரண்டரை மணி நேரம், நிமிடக் கணக்கில் நிகழ்ச்சி. முன் மேசையில் ஆபீஸ் மேலதிகாரிகள், பிறகு சிநேகிதர்கள், பெற்றவர்கள் எல்லோருக்கும் பின்னால் கடைசி மேசையில். விருந்து கொடுக்கிறவர்கள் அவர்கள், வந்தவர்களுக்குத்தான் முன்னிடம் என்பது கணக்கு. முதல் பேச்சு மேலதிகாரியுடையது. பேச்சில் 'வெட்டு', 'முடிவு', 'பிரிவு' மாதிரிச் சொற்கள் வரக் கூடாது.

கடைசியில் பெண் அம்மா அப்பாவுக்கு எழுதிய கடிதத்தைப் படிப்பாள். என்ன கவுன், என்ன கேக் என்று மற்றதெல்லாம் மறந்தாலும் இது எனக்கு மறக்காது. கூடத்தின் ஒரு கோடியில் மகள் மைக்கோடு, மறு கோடியில் பெற்றவர்கள் நின்றபடி. ஒரு கல்யாணத்தில், பள்ளி நாளில் ஒருமுறை அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டைச் சிநேகிதிகள் முன் திறக்க வெட்கப்பட்டு அப்படியே திருப்பிக் கொண்டுவந்ததற்கு அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். முடிந்ததும், பிறந்தபோது தான் இருந்த அதே எடையில் செய்த கரடிப் பொம்மையை அம்மா கையில் கொடுத்தாள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அம்மா அதைக் கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரியே வாங்கினார். மேல்நாட்டு பாணி என்று நாம் சொல்கிற கல்யாணத்தின் நடு இடம் இது. மேல்நாட்டில் இப்படி ஒரு வழக்கம் இல்லை.

"மொய் உண்டா?"

உண்டு, அதற்குப் பெயர் கோஷூகி. சிநேகிதர் என்றால் 30,000 யென், ஏறக்குறைய 17,000 ரூபாய். உறவு, மேலதிகாரி என்றால் இன்னும் கூட. நாம் 501, 1001 என்று ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிற மாதிரி அவர்களும் தொகையின் முதல் இலக்கம் இரட்டைப்படையாக வருவதைத் தவிர்ப்பார்கள், இரண்டாகப் பிரியும் தொகை ஆகாது. நான்கும் ஒன்பதும் சாவு, துன்பம் என்று ஒலிப்பதால் அவையும் ஆகாது. நோட்டு புதிதாக இருக்க வேண்டும், வங்கிக்குப் போய் மாற்றி வருவார்கள். உறையில் கட்டிய நூல் அவிழாத முடிச்சாக இருக்க வேண்டும். திரும்பும்போது நம் தாம்பூலப் பை மாதிரி ஹிகிதேமோனோ என்று ஒரு பை கொடுப்பார்கள். அதில் மர வளையம் மாதிரி அடுக்கடுக்காகச் சுட்ட பாம்குகென் கேக் அநேகமாக இருக்கும்.

"நாள், நட்சத்திரம் பாப்பாங்களா?"

ரொகுயோ என்று ஆறு நாள் சுழற்சி ஒன்று காலண்டரிலேயே அச்சாகி வரும். தையான் நல்ல நாள், வார இறுதியில் தையான் வந்தால் மண்டபம் கிடைக்காது. புட்சுமெட்சு நம் அஷ்டமி, நவமி மாதிரி, அன்றைக்குத் தள்ளுபடி கிடைக்கும். இளையவர்கள் பலர் இதைப் பார்ப்பதில்லை, வீட்டில் பெரியவர்கள் சொன்னால் பார்க்கிறார்கள்.

"மொத்தம் எவ்வளவு ஆகும்?"

டோக்கியோவில் சராசரியான கல்யாணத்துக்கே 30 லட்சம் யென்னுக்கு மேல், நம் கணக்கில் 17 லட்சம் ரூபாய் போல. சாப்பாடு மட்டும் ஓர் ஆளுக்கு 15,000 யென் ஆகிவிடும். மொய்ப் பணம் கணிசமான பகுதியை ஈடு கட்டும். ஆனால் முதலில் காட்டுகிற மதிப்பீட்டை யாரும் நம்பக் கூடாது. பூ, வீடியோ, சாப்பாட்டுத் தரம் என்று ஒவ்வொன்றாக ஏறி, கடைசி பில் லட்சக்கணக்கில் கூடியிருக்கும். வெளியிலிருந்து உடை கொண்டுவந்தால் அதற்கும் ஒரு கட்டணம் கேட்கிற மண்டபங்கள் இருக்கின்றன. என் சிநேகிதி ஒருத்தி, அக்கா கட்டிய கவுனையே தானும் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, கொண்டுவரும் கட்டணத்தைக் கேட்டு அழுதுவிட்டாள். கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுவதுதான் ஒரே வழி.

"அப்போ ஹவாய்க்குப் போனா இன்னும் செலவாச்சே, ஏன் போறாங்க?"

கணக்குப் போட்டால் பல நேரம் குறைவாகவே வரும். மேலே சொன்ன 30 லட்சம் அறுபது பேருக்கு. ஹவாய்க்கு வருகிறவர்கள் இரண்டு வீட்டுப் பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள், ஒன்றிரண்டு சிநேகிதர்கள், மொத்தம் பத்துப் பேர். தேனிலவும் அதிலேயே அடங்கிவிடும். சிநேகிதர்கள் தங்கள் டிக்கெட்டைத் தாங்களே எடுத்து வந்தால் பெரும்பாலும் மொய் வாங்க மாட்டார்கள், பெற்றவர்கள் செலவை ஜோடியே பார்த்துக்கொள்வதும் உண்டு. மொய் வராது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஆனால் பணத்தைவிட முக்கியமானது, ரிசெப்ஷன் பற்றிய பதிலில் சொன்ன அந்த இருக்கை வரிசை. உள்ளூரில் வைத்தால் மேலதிகாரியைக் கூப்பிட வேண்டும், ஒரு பிரிவைக் கூப்பிட்டால் இன்னொரு பிரிவை விட முடியாது, யாரை எந்த மேசையில் வைப்பது என்பதில் இரண்டு மாதம் போகும். 'ஹவாயில் வைக்கிறோம்' என்று சொல்லிவிட்டால் யார் மனதும் புண்படாமல் அத்தனையும் நின்றுவிடும். கூப்பிடாததற்கு ஆளே காரணம் இல்லை, தூரம்தான் காரணம். ஒருவர் முகத்துக்கு நேரே மறுக்கவே கூச்சப்படுகிற ஊரில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைவிட, கடைசி மேசையில் இருக்க வேண்டிய அம்மா அப்பா அங்கே முதல் வரிசைக்கு வந்துவிடுகிறார்கள்.

"உலகத்துல இத்தனை இடம் இருக்க, ஏன் ஹவாய்?"

ஜப்பானியர்கள் சுற்றுலாவுக்காக வெளிநாடு போக அனுமதி வந்ததே 1964 ஏப்ரலில். அப்போது முதல் ஹவாய்தான் கனவு ஊர். 1885 முதலே கரும்புத் தோட்டங்களுக்கு ஜப்பானியர் கூட்டம் கூட்டமாகப் போனதால் அவர்கள் வம்சம் அங்கே பெரிது, மொழி, சாப்பாடு எதற்கும் திண்டாட்டம் இல்லை. டோக்கியோவிலிருந்து ஏழு மணி நேரத்தில் போய்விடலாம். கடலைப் பார்த்த கண்ணாடி சாப்பல்கள் மட்டுமில்லாமல், ஹொனலூலுவில் கவாயஹாவோ, சென்ட்ரல் யூனியன் மாதிரி உண்மையான பழைய சர்ச்சுகளும் ஜப்பானிய ஜோடிகளுக்குக் கல்யாணம் நடத்திவைக்கின்றன. இன்னும் பக்கத்தில் போதும் என்றால் குவாம் தீவு, மூன்றரை மணி நேரம்தான்.

"ஹவாய்ல பண்ணினா அமெரிக்கச் சட்டப்படி கல்யாணமா?"

வேண்டுமென்றால் ஆகும். பெரும்பாலானவர்கள் ஜப்பானில் படிவம் கொடுத்துவிட்டு, அங்கே சடங்கு மட்டும் செய்கிறார்கள். அங்கேயே சட்டப்படி செய்ய நினைத்தால் இருவரும் நேரில் போய் உரிமம் வாங்க வேண்டும், அது 30 நாள் செல்லும், அதற்குள் விழாவை முடிக்க வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்குள் ஜப்பானியத் தூதரகத்திலோ ஊர் அலுவலகத்திலோ தெரிவிக்க வேண்டும். ஏற்கனவே ஜப்பானில் பதிந்தவர்கள் அங்கே மறுபடி பதிய முயல வேண்டாம், குழப்பம்தான் மிஞ்சும்.

"ஒரே பாலின ஜோடிகளும் இப்படிப் பண்றாங்களா?"

விழா வைக்கிறார்கள். 2013லேயே டோக்கியோ டிஸ்னிசீயில் இரண்டு பெண்களின் விழா நடந்தது. ஆனால் நாட்டுச் சட்டம் அவர்கள் படிவத்தை ஏற்பதில்லை, வெளிநாட்டில் கட்டினாலும் குடும்பப் பதிவேட்டில் ஏறாது. டோக்கியோ மாநகரம் 2022 நவம்பரிலிருந்து தருகிற சான்றிதழ் ஆஸ்பத்திரி, வாடகை வீடு போன்ற காரியங்களுக்கு உதவுகிறது, கல்யாணத்துக்கு அது ஈடாகாது. மற்றவர்களுக்கு விழா விருப்பம், படிவம் உறுதி. இவர்களுக்கு விழா மட்டும்தான் இருக்கிறது. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

"தாத்தா பாட்டியால பறக்க முடியலைன்னா?"

உண்மையான குறை இது, மழுப்ப விரும்பவில்லை. ஊர் திரும்பி ஒரு சின்ன விருந்து வைப்பார்கள், கவுனை அதற்கும் ஒரு முறை கட்டிக்கொள்வார்கள். ஆனாலும் பேத்தி சாப்பலுக்குள் நுழைகிற நேரத்தில் பாட்டி இல்லாதது இல்லாததுதான். அதனால்தான் பலர் ஜப்பானின் தெற்குக் கோடித் தீவான ஒகினாவாவுக்கு மாறுகிறார்கள். பாஸ்போர்ட் வேண்டாம், கடல் அதே நீலம். மலை பிடித்தவர்களுக்கு கருயிசாவாவில் கல் வளைவுகளால் கட்டிய சர்ச் இருக்கிறது. ஹொக்கைடோவின் தோமாமுவில் கட்டடக் கலைஞர் அந்தோ ததாவோ கட்டிய 'நீர் தேவாலயம்' இருக்கிறது. அங்கே பீடத்துக்குப் பின்னால் சுவரே இல்லை, கண்ணாடிக்கு அப்பால் குளமும் அதன் நடுவே நிற்கிற சிலுவையும்தான். 2022க்குப் பிறகு யென் மதிப்பு விழுந்ததில் ஹவாய் விலை எட்டாத உயரத்துக்குப் போனதும் உள்நாட்டுக்குத் திரும்ப ஒரு காரணம்.

"இப்பவும் எல்லாரும் இப்படித்தான் பண்றாங்களா?"

கல்யாணங்களே குறைந்துவிட்டன. 1972இல் கிட்டத்தட்ட 11 லட்சம், 2023இல் 4.75 லட்சத்துக்கும் குறைவு. அவர்களிலும் படிவம் மட்டும் கொடுத்து விழாவே வைக்காதவர்கள் நிறைய, அதற்கு நாஷிகோன் என்று பெயரே வந்துவிட்டது. போட்டோ மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் இன்னொரு பக்கம். மதமே இல்லாமல், வந்தவர்கள் முன்னால் உறுதிமொழி சொல்லி அவர்களையே சாட்சியாக்குகிற முறையும் கூடிவருகிறது.

"ஆபீஸ்ல ஒருத்தங்க கூப்பிட்டிருக்காங்க. நான் என்ன கட்டிக்கிட்டுப் போகட்டும்?"

பட்டுப்புடவை தாராளமாகக் கட்டலாம், வெள்ளையும் வெள்ளைக்கு நெருங்கிய நிறமும் மட்டும் வேண்டாம், அது கல்யாணப் பெண்ணுக்கு. அழைப்போடு ஒரு பதில் அட்டை வரும், உடனே அனுப்புங்கள். அதில் உங்களைக் குறிக்கும் இடத்தில் அச்சாகியிருக்கும் மரியாதை எழுத்தை இரட்டைக் கோட்டால் நீங்களே அடிக்க வேண்டும், தெரியாவிட்டால் பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டிக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். அழைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மட்டும் போக வேண்டும், இருக்கையும் சாப்பாடும் அந்தக் கணக்கில்தான். சைவம் என்றால் அட்டையிலேயே மீன் சாறும் கூடாது என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் சூப்பில் வந்துவிடும். அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். மொய் உறையை அப்படியே நீட்டாமல் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், வரவேற்பு மேசையில் பிரித்து, இரண்டு கையாலும் கொடுங்கள். கடிதம் படிக்கும்போது எடுக்க வசதியாகக் கைக்குட்டையை வெளிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.